இணைப்பு அறுந்தது எங்கே? புது மடிக்கணினி வீட்டு இணையத்தில் சேராதபோது பார்க்கவேண்டியவை

வீட்டிலுள்ள கைபேசிகளில் இணையம் ஓடுகிறது. புதிதாக வந்த மடிக்கணினியில் மட்டும் வரவில்லை. இந்தப் பிரச்சினைக்கு உதவி கேட்டு மாத்தளையில் என்னிடம் வருகிறவர்கள் அதிகம். ஊடகக் கற்கை படித்தவன், கணினியில் வேலை செய்பவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். நான் கணினித் தொழில்நுட்பவியலாளன் அல்லன். ஆனால், பிழை எங்கே இருக்கிறது என்று ஒழுங்காகத் தேடும் முறை ஒன்று உண்டு. அதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

நகரத்தில் இருப்பவருக்கு இது சிறிய தொல்லை. எல்கடுவையிலோ ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலோ இருப்பவருக்கு அப்படியில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு மாத்தளை நகருக்கு வந்து போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். கடையில் சொல்வது சரியா என்று சோதிக்கவும் வழியில்லை. போரைக் கடந்துவந்த எங்கள் வாசகர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழும்: “இது பழுதா, இல்லை யாராவது தடுத்துவிட்டார்களா?” இந்தக் கேள்வி வீணானதல்ல. அதற்கும் கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறேன்.

ஐந்து கண்ணிகள்

ஓர் இணையத்தளம் உங்கள் திரைக்கு வர ஐந்து கண்ணிகள் ஒழுங்காக இருக்கவேண்டும். முதலாவது, மடிக்கணினி. இரண்டாவது, மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள வைஃபை. மூன்றாவது, ரவுட்டர். நான்காவது, ரவுட்டரிலிருந்து இணைய வழங்குநருக்குப் போகும் வழி. அது ஃபைபர் கம்பியாக, பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியாக அல்லது 4ஜி கோபுர அலையாக இருக்கலாம். ஐந்தாவது, வழங்குநரிலிருந்து அந்த இணையத்தளம் வரையான பாதை.

எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான்: பக்கம் திறக்காது. அதனால்தான் பலர் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு சோதனையாலும் ஒரு கண்ணியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே போகவேண்டும்.

முதல் சோதனை: கைபேசி

கைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு, இதற்குமுன் திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்துவது முக்கியம். வைஃபையில் இணையம் இல்லாதபோது பல கைபேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் சிம் டேட்டாவுக்கு மாறிவிடும். வீட்டு இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

வைஃபையில் மட்டும் கைபேசி வேலை செய்தால், மூன்றாம், நான்காம், ஐந்தாம் கண்ணிகள் நலம். பிழை மடிக்கணினியில் அல்லது அதற்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிறது. கைபேசியும் வேலை செய்யவில்லை என்றால் மடிக்கணினியைக் குறை சொல்லாதீர்கள். ரவுட்டரைப் பாருங்கள்.

ஃபைபர் இணைப்பென்றால், பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஆங்கில எழுத்துகளில் குறித்த விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பாக இருந்தால் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். மரம் விழுந்திருக்கலாம், கம்பி மடிந்திருக்கலாம். வீட்டிலிருந்து அதைத் திருத்தமுடியாது, வழங்குநரை அழைக்கத்தான் வேண்டும். 4ஜி பெட்டியென்றால் அலை விளக்கைப் பாருங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் இருக்கும் வீடுகளில் பெட்டியை ஓர் அறையிலிருந்து மற்ற அறையின் யன்னலோரம் மாற்றினாலே நிலைமை மாறும். தகரக் கூரையும் தடித்த கருங்கல் சுவரும் உள்ள லயங்களில் பெட்டியை உள்ளே மூலையில் வைப்பதால் பயனில்லை.

ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, 30 விநாடி பொறுத்து மீண்டும் போடலாம். ஆனால், பின்பக்கத்திலுள்ள ஊசித்துளை அளவான ரீசெட் பொத்தானைக் குத்தாதீர்கள். வழங்குநர் உள்ளே பதிந்து கொடுத்த விபரங்களும் அதனால் அழிந்துபோகலாம். பிறகு கைபேசியும் சேர்ந்து நின்றுவிடும்.

வைஃபையின் பெயரே தெரியவில்லை

கைபேசியில் இணையம் ஓடுகிறது, மடிக்கணினியின் பட்டியலில் உங்கள் வீட்டு வைஃபையின் பெயர் இல்லை. இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேறு எந்த வைஃபையின் பெயராவது தெரிகிறதா?

எதுவுமே தெரியவில்லை என்றால், முதலில் எயார்பிளேன் மோட் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படமுள்ள விசை தெரியாமல் அழுத்துப்பட்டிருக்கலாம். அது சரியென்றால், வைஃபை கருவிக்கான டிரைவர் மென்பொருள் இல்லாமல் இருக்கலாம். விண்டோஸ் இல்லாமல் மலிவாக விற்கப்படும் மடிக்கணினிகளில் கடைக்காரர் விண்டோஸை ஏற்றிக் கொடுக்கும்போது இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. டிரைவரை இணையத்திலிருந்து எடுக்கவேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். விண்டோஸ் 11 முதல் தடவை தொடங்கும்போதே இணைப்பைக் கேட்பதால் சிலர் அந்தத் திரையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு எளிய வழி அண்ட்ரொய்ட் கைபேசி. அதை சார்ஜ் வயரால் மடிக்கணினியோடு இணைத்து, கைபேசியின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதியிலுள்ள யு.எஸ்.பி. டெதரிங் என்பதைப் போடுங்கள். வைஃபை இல்லாமலே வயர் வழியாக இணையம் கிடைக்கும். விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பெரும்பாலும் அதுவே டிரைவரைத் தேடி ஏற்றிவிடும். வயர் தரவுகளைக் கடத்தக்கூடியதாக இருக்கவேண்டும். சில மலிவு வயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும்.

மற்ற வைஃபைகளின் பெயர் தெரிகிறது, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் கதை வேறு. அதை ஒரு வீட்டில் நடந்ததைக் கொண்டு சொல்கிறேன். அவர்களின் சம்மதத்தோடு, பெயரில்லாமல் எழுதுகிறேன்.

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அது. 1958, 1977, 1983 என்று ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேர் எரிந்தது 1983இல். பாதுகாப்புத் தேடிப்போன அந்தக் குடும்பங்களையே 2009இன் இறுதிப் போர் மீண்டும் பிடித்தது. நான் சொல்லும் அக்காவின் கணவர் அந்த மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இறந்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்த அக்கா, நாலு வயது மகளோடு ரத்தோட்டைப் பக்கத்திலுள்ள உறவினர் வீட்டுக்குத் திரும்பிவந்தார். அந்த மகள் இப்போது உயர்தரம் எழுதி முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டியவள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பம் இணையவழியில்தான். அதற்கும், தகப்பனைத் தேடி இத்தனை வருடம் எழுதிய கடிதங்களையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்து வைப்பதற்கும் என்று ரொறொன்ரோவிலுள்ள மாமா ஒரு மடிக்கணினி அனுப்பியிருந்தார்.

“கடையில கொண்டுபோய் காட்டினோம் தம்பி. உள்ள வைஃபை கார்டு போயிடுச்சாம், மாத்தணுங்கிறாங்க” என்றார் அக்கா. “புதுப் பொட்டி, அதுக்குள்ள எப்படித் தம்பி போகும்?”

அந்தக் கேள்வி நியாயமானது. மடிக்கணினியைத் திறந்தேன். பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் இருந்தது. என் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டதும் உடனே இணைந்தது. கார்ட் கெட்டிருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது. ஆகவே கருவி நலம், ரவுட்டரும் நலம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலை பல தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் நாட்டில் விற்கப்படும் ரவுட்டர்கள் 1 முதல் 13 வரையான தடங்களைப் பயன்படுத்தும். வட அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்படும் மடிக்கணினிகள் பல 11ஆம் தடம் வரைதான் தேடும். ரவுட்டர் தடத்தைத் தானாகத் தெரிவுசெய்யும் நிலையில் இருக்கும்போது, நெரிசல் இல்லாத 12க்கோ 13க்கோ போய் உட்கார்ந்துவிட்டால், கனடாவிலிருந்து வந்த கணினிக்கு அந்த வைஃபை இல்லவே இல்லை. இங்கே வாங்கிய கைபேசிகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த வீட்டு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது தடம் 13 என்றிருந்தது. அதை 6 என்று மாற்றிச் சேமித்தேன். ஒரு நிமிடத்துக்குள் பெயர் பட்டியலில் வந்தது. மாற்றவேண்டியிருந்தது ஓர் எண் மட்டுமே, கார்ட் அல்ல. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் கணினிகளால் படிக்கும் பிள்ளைகள் எங்களிடையே பலர் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்தால் போதும்.

ரவுட்டரின் பக்கத்துக்கு எப்படிப் போவது? பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. வைஃபையில் இணைந்துள்ள கைபேசியின் ப்ரவுசரில் அந்த எண்ணைத் தட்டினால் பக்கம் திறக்கும். உள்நுழையும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் அந்தக் கடவுச்சொல்லை உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். ஸ்டிக்கரைப் பார்த்த எவரும் உங்கள் வீட்டு இணைப்புக்குள் நுழையலாம் என்ற நிலை நல்லதல்ல.

பெயர் தெரிகிறது, உள்ளே விடவில்லை

கடவுச்சொல் பிழை என்று வந்தால், சுழியமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் மாறிப்போயினவா என்று பாருங்கள். எங்களுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் தட்டச்சு நிறுவிய கணினியில் விசைப்பலகை தமிழில் இருந்தால், நீங்கள் தட்டும் ஆங்கில எழுத்துகள் தமிழாகப் பதியும். திரையில் தெரிவது கரும்புள்ளிகள் மட்டும் என்பதால் கண்டுபிடிக்கமுடியாது. கடவுச்சொற் பெட்டியின் ஓரத்திலுள்ள கண் படத்தை அழுத்தினால் தட்டியது தெரியும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் இணையவில்லை என்றால், அந்த வைஃபையின் பெயர்மீது வலது சொடுக்கி ‘ஃபொகெற்’ கொடுத்து, புதிதாக இணைத்துப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் ரவுட்டரின் பக்கத்தில் பார்க்கவேண்டும். குறித்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பாட்டை யாராவது முன்பு போட்டிருக்கலாம்.

இணைந்திருக்கிறது, இணையம் இல்லை

இங்கே எண்களால் மூன்று சோதனைகள்.

ஒன்று: செட்டிங்ஸில் வைஃபையின் விபரங்களுக்குள் போய் ஐ.பி.வி.4 முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்கள் கணினிக்கு முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரையும் கணினியையும் நிறுத்திப் போடுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் செட்டிங்ஸிலுள்ள நெட்வேர்க் ரீசெட்டைச் செய்யுங்கள். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களை அழிக்கும், உங்கள் கோப்புகளைத் தொடாது.

இரண்டு: மடிக்கணினியின் ப்ரவுசரில் ரவுட்டரின் எண்ணைத் தட்டுங்கள். ரவுட்டரின் பக்கம் திறந்தால் வைஃபைக் கண்ணி நலம்.

மூன்று: ப்ரவுசரில் 1.1.1.1 என்று தட்டுங்கள். இது உலகில் பொதுவாகப் பயன்படும் ஒரு பெயர்ச் சேவையின் முகவரி. இந்தப் பக்கம் திறக்கிறது, பெயர் தட்டித் திறக்கும் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டி.என்.எஸ். என்ற சேவையில்தான் கோளாறு. தொலைபேசிப் புத்தகம் தொலைந்த வீடு போல: தொலைபேசி வேலை செய்கிறது, எண்தான் தெரியவில்லை. வைஃபையின் விபரங்களில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கொடுத்தால் சரிவரும்.

திகதியையும் பாருங்கள். நேரவலயம் ரொறொன்ரோவிலேயே நின்றால் கடிகாரம் பிழையாகக் காட்டும், அவ்வளவுதான். ஆனால், திகதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தவறியிருந்தால் பாதுகாப்பான தளங்கள் எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். நீண்டகாலம் மின்னூட்டப்படாமல் கிடந்த கணினிகளில் இது நடக்கும். புதுக் கணினியோடு சோதனைக் காலத்துக்கென்று வரும் வைரஸ் தடுப்பு மென்பொருட்களும் சிலவேளை இணைப்பை மறிக்கும். அதை நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இணைந்த மறுநாள் டேட்டா முடிந்துவிட்டது

இங்கே பலரது வீட்டுப் பொதிகள் அளவிட்டவை. புது மடிக்கணினி இணைந்ததும் செய்யும் முதல் வேலை, பல ஜிகாபைட் அப்டேட்டுகளை இறக்குவது. கோப்புகளையும் படங்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றவும் தொடங்கும். மாதம் முழுவதற்கும் வைத்திருந்த டேட்டா இரண்டு நாளில் போய்விடும். “நேற்று ஓடியது, இன்று இல்லை” என்ற முறைப்பாடுகள் சிலவற்றுக்கு இதுவே காரணம். வைஃபையின் விபரங்களில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதைப் போட்டுவிட்டால் விண்டோஸ் பெரும்பாலான பெரிய இறக்கங்களை ஒத்திவைக்கும். உங்கள் பொதியில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால், அந்த நேரத்தில் மட்டும் இதை எடுத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள். அப்டேட்டைச் செய்யாமலே விடுவது பாதுகாப்பல்ல. பழைய விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும், பாவித்த கணினி வாங்குவோர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

பழுதா, தடையா?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டதையும், இறுதிப் போரில் வன்னியிலிருந்தவர்களின் குரல் கேளாமல் மாதக்கணக்கில் காத்திருந்ததையும் மறக்காதவர்கள் நாங்கள். 2007இல் தமிழ்நெற் தளம் இந்த நாட்டின் இணைய வழங்குநர்களால் முடக்கப்பட்டது. எங்கள் அயல் மாவட்டமான கண்டியின் திகனையில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை ஒரு வாரமளவில் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3இல் போராட்டங்களின்போதும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணைய அமைவிடங்களுக்கான அணுகலை முடக்குவதற்குச் சட்டரீதியாக வழி வைத்திருக்கிறது. ஆகவே சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால், சந்தேகத்தைச் சோதிக்கவேண்டும்.

தடைக்கு ஒரு வடிவம் உண்டு. மேலே சொன்ன தடைகளில் பெரும்பாலும் இணையம் முழுவதும் நிற்கவில்லை, குறித்த சில தளங்களும் செயலிகளும் மட்டும் நின்றன. அவை உங்கள் மடிக்கணினியில் மட்டுமன்றி உங்கள் கைபேசியிலும், பக்கத்து வீட்டிலும், வேறு வழங்குநரின் சிம்மிலும் ஒரே நேரத்தில் நின்றன. மற்றத் தளங்கள் பெரும்பாலும் வழமைபோல் திறந்தன. ஆகவே, திறக்காத தளத்தை இரண்டு வழங்குநர்களின் இணைப்பில் திறந்து பாருங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரையும் அதே நேரத்தில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால் அந்தத் தளமே விழுந்திருக்கிறது. அங்கே திறந்து, இங்கே எந்த வழங்குநரிலும் திறக்கவில்லை என்றால் தடையைச் சந்தேகிக்க இடமுண்டு. ஒரு கணினியில் மட்டும் எதுவும் திறக்கவில்லை என்றால் அது தடையல்ல, மேலே சொன்ன பழுதுகளில் ஒன்று.

இந்த வேறுபாடு முக்கியமானது. தவறான சந்தேகம் வதந்தியாகப் பரவினால், உண்மையான தடை வரும்போது சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். உண்மையான தடையைப் பழுதென்று நினைத்துப் பேசாமலிருந்தால், அது பதிவாகாமலே போய்விடும். திகதி, நேரம், தளத்தின் பெயர், எந்த வழங்குநர் என்பவற்றைத் திரைப்படத்தோடு குறித்து வைத்தால், பிறகு ஊடகவியலாளர்களுக்கும் உரிமை அமைப்புகளுக்கும் அது சான்றாகும்.

கடைக்குக் கொடுக்கவேண்டி வந்தால்

எல்லாம் பார்த்தும் சரிவராமல் கடைக்குப் போகவேண்டி வரலாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் படங்கள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த வாக்குமூலங்கள், காணிப் பத்திரங்கள், முகாம் பதிவுகள் என்று பல குடும்பங்களின் கணினிகளில் திரும்பக் கிடைக்காத ஆவணங்கள் இருக்கின்றன. இணைப்புக் கோளாறைத் திருத்த அவற்றைத் திறக்கத் தேவையில்லை. முதலில் அவற்றை ஒரு யு.எஸ்.பி. டிரைவில் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். கணினியில் கடவுச்சொல் இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, கடைக்காரருக்கு அதை மட்டும் கொடுங்கள். திருத்தத்துக்கு நிர்வாகி அனுமதி தேவைப்பட்டால் நீங்கள் அருகிலிருந்து தட்டிக் கொடுங்கள். “விண்டோஸ் புதிதாக அடிக்கவேண்டும்” என்று சொன்னால், பிரதி எடுத்திருக்கிறீர்களா என்பதை இன்னொருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் சம்மதிக்கவேண்டும்.

வழங்குநரை அழைப்பதென்றால், அழைக்குமுன் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கைபேசி வைஃபையில் ஓடுகிறதா, ரவுட்டரில் எந்த விளக்கு எந்த நிறத்தில் இருக்கிறது, ரவுட்டரின் பக்கம் திறக்கிறதா, 1.1.1.1 திறக்கிறதா. இவற்றைச் சொன்னால், “நிறுத்திப் போட்டுப் பாருங்கள்” என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் பேசும் அலுவலரைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. வழங்குநர் தொடர்ந்து கவனிக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அப்போது அந்த இலக்கமும் நீங்கள் எழுதிய தாளும் தேவைப்படும்.